பூஜ்யத்திலிருந்து பத்துவரை

என் வீட்டுக்காரரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது வீண். காய்ச்சலில் சுருண்டு கிடக்கும்போதும் "பரவாயில்லீங்க" என்றுதான் சொல்வார். கேட்டவர் மனது சங்கடப்படக் கூடாதாம். இந்த மரியாதை எனக்கு எத்தனையோ தடவை எரிச்சலைக் கிளப்பியிருக்கிறது. ஆனால் அன்று சிங்காநல்லூரில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயம்தான் வந்தது.

அவர் கல்லூரி பஸ் ஓட்டுகிறார். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மாத்திரை. கறி, முட்டை எதுவும் தொடுவதில்லை. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். சரியாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தார். இன்னொன்று தெருமுனையில் கிடந்தது.

"ஏனுங்க, எந்த ஞாபகத்துல வாறீங்க?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. செருப்பு கழன்றதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் பிடிவாதமாக இழுத்துப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். நரம்புக்கு வேண்டிய பி12 சத்து அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். "நரம்பு எவ்வளவு கெட்டிருக்குதுன்னு பாக்கோணுங்க. மரமரப்புக்கு நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க. ஒண்ணுமே இல்லீன்னா பூஜ்யம், காலு இருக்கறதே தெரியலீன்னா பத்து."

"ஒண்ணு போட்டுக்கங்க கண்ணு" என்றார் இவர்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் குறைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நம்பர் ஏறினால் பஸ்ஸை விட்டு இறங்கச் சொல்வார்கள். அவருக்கு அதை விட்டால் வேறு உலகம் கிடையாது, எங்களுக்கு வேறு வருமானமும் கிடையாது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த ஒரு சின்ன இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே அவர் நெற்றியில் வைத்தார். "இந்த அதிர்வு கால்ல தெரிஞ்சாச் சொல்லுங்க." பிறகு கண்ணை மூடச் சொல்லிக் கால் பெருவிரலில் வைத்தார். "தெரியுதுங்க" என்றார் இவர். அடுத்த காலில் வைக்கும் முன்னால் டாக்டர் கவையை விரலால் பிடித்து அதிர்வை நிறுத்திவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நல்லாத் தெரியுதுங்க கண்ணு."

டாக்டர் கோபப்படவில்லை. "கண்ணத் தொறந்து பாருங்க. இது அதிரவே இல்லீங்க" என்றார். உடனே ஊசி ஆரம்பிக்க வேண்டும், உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். பிறகு மறுபடியும் நம்பர் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சுகிற மாதிரி பார்த்து நான் கண்டதில்லை. வீட்டை நினைத்தேன். பஸ் நிறைய உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் நினைத்தேன்.

"எட்டுங்க டாக்டர்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.

"பத்துங்க" என்றார், நிமிராமலே. "பிரேக்கு எங்கிருக்குதுன்னு குனிஞ்சு பாத்துத்தானுங்க மிதிக்கறேன்."

அன்று காலையிலும் அவர் பிள்ளைகளைக் கல்லூரியில் இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தார்.