வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளோடு

கடந்த ஓகஸ்டில் மச்சாளின் மகளுடைய கல்யாணத்துக்காகக் கொழும்பு போயிருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு முழுப் பகல் கையில் மிஞ்சியது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்வரத் தீர்மானித்தேன். பத்துக் கிலோமீற்றர் தூரம். இதையும் பயணம் என்று எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். 2008இல் ஒரு நாள் இதே தூரத்தைக் கடக்க எனக்கு அரை நாளுக்கு மேல் எடுத்தது.

போக நினைப்பவர்களுக்கு: காலை நெரிசல் அடங்கியபின் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் எடுத்துக் கோட்டையில் இறங்குங்கள். இருபது நிமிடப் பயணம். இடப்பக்க ஜன்னலைப் பிடித்தால் வழி முழுக்கக் கடல். கோட்டையிலிருந்து ஓட்டோ, மீற்றர் போடச் சொல்லி ஏறுங்கள்.

2008இன் அந்த நாளில் நான் பஸ்ஸில் போனேன். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஒரே ஒரு புரத மூலக்கூறைத் தனியாக நுணுக்குக்காட்டியில் பார்ப்பது என் வேலை. ஆனால் கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம்: தன்மேல் படுகிற எல்லாவற்றையும் ஒட்டவைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய ஒரு புள்ளி ஒளிரவேண்டிய இடத்தில், வேண்டாததெல்லாம் ஒட்டி, வெசாக் விளக்குப் பந்தல் மாதிரி மின்னும். அதைத் தடுக்கக் கண்ணாடியின்மேல் ‘பெக்’ என்ற பொருளால் ஒரு பூச்சுப் பூசவேண்டும். மயிர் மயிராக நெருங்கி நிற்கும் அந்தப் பூச்சில் புரதம் ஒட்டாது. நாம் விட்டுவைத்த சில கொக்கிகளில் மட்டும் வந்து மாட்டும்.

அந்தக் கிழமை கம்பஸைத் திடீரென்று மூடிவிட்டார்கள். பெக் தூள் சூடும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும் என்று, என்னோடு வேலை செய்த ஜெரோம் அதை ஐஸில் வைத்துக் கொட்டாஞ்சேனையிலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். கழுவித் தயாராக்கிய பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளும் என்னிடம். கம்பஸ் திறக்கும் நாளில் அவை பூச்சோடு தயாராக இருக்கவேண்டும். இரவல் வாங்கியிருந்த லேசரை அடுத்த கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும். அது போனால் என் ஒரு வருட வேலையும் போனமாதிரித்தான்.

ஜிந்துப்பிட்டி தாண்டியதும் சோதனைச்சாவடி. எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையில் தகடுகளைப் போட்டு வெள்ளித்தாள் சுற்றிய குழாய்கள். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

“மே மொனவாத?” இதெல்லாம் என்ன என்று கேட்டான் சிப்பாய்.

“வீதுரு, மாத்தயா. கம்பஸ் எகே வட,” என்றேன். கண்ணாடிதான், கம்பஸ் வேலை. அவன் வெள்ளித்தாளைப் பிரித்து ஒரு தகட்டை எடுத்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி வெயிலில் பார்த்தான். “அல்லன்ன எப்பா,” தொடவேண்டாம் என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் அவன் முகம் மாறிவிட்டது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

யார் வீட்டுக்குப் போகிறாய் என்று அதிகாரி கேட்டார். ஜெரோம் வீட்டு டெலிபோன் நம்பரைக் கொடுத்தேன். வெகுநேரம் வெயிலில் நின்றபின் ஜெரோமின் அம்மா, ஸ்ரெல்லா அன்ரி, தனியாக நடந்து வந்தார். ஜெரோமை வரவிடவில்லையாம், இளந்தாரிப் பொடியனைக் கண்டால் பிடித்துவைத்துவிடுவார்கள் என்று. அன்ரி அந்த அதிகாரியோடு சரளமான சிங்களத்தில் கதைத்தார். “மே அபே கெதர லமயா,” எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு அவரோடு ஒரு மேசையருகே போய்த் தனியாக ஏதோ பேசிவிட்டு வந்து, “வா மகள், போவம்,” என்றார்.

வீட்டு ஐஸ்பெட்டியில் மீன் பொதிகளுக்கு நடுவிலிருந்து ஜெரோம் தூள்போத்தலை எடுத்தான். சாப்பாட்டு மேசையில் வைத்துக் கரைத்தோம். தகடுகளுக்கு நடுவில் துளி துளியாக விட்டு, ஈரப்பஞ்சு வைத்த டப்பாவில் அடுக்கினோம். விடியும்வரை இருட்டில் இருக்கவேண்டும்.

“என்ர சீலை அல்மாரிக்குள்ள வையுங்கோ,” என்றார் அன்ரி. “அதவிட இருட்டு இந்த வீட்டில இல்ல.”

அன்றிரவு அங்கேயே தங்கினேன். காலையில் கழுவி உலர்த்திய தகடுகளோடு ஜெரோமின் மாமா தன் வான் வண்டியில் என்னைக் கொண்டுவந்து வெள்ளவத்தையில் இறக்கிவிட்டார்.

கம்பஸ் திறந்த அன்று லேசரைப் போட்டோம். கறுப்பு. நல்ல கறுப்பு. அதில் தள்ளித் தள்ளிச் சில புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒற்றை மூலக்கூறு. சிப்பாய் பிடித்த தகட்டில் மட்டும் பூச்சுப் பிடிக்காமல் அவனுடைய ரேகை வரிவரியாக எரிந்தது.

“சுகந்தி, இவ்வளவு வடிவான இருட்ட நான் பார்த்ததேயில்ல,” என்றான் ஜெரோம். நான் அழுதுவிட்டேன்.

இந்த முறை ஓட்டோவை யாரும் மறிக்கவில்லை. சாவடி இருந்த இடம் எதுவென்று என்னால் சரியாகச் சொல்லவும் முடியவில்லை. ஜெரோம் இப்போது மெல்பேர்னில். அன்ரி அதே வீட்டில், முழங்கால் வலியோடு. பழைய கதை பேசியபோது, அன்று மேசையருகே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

“என்ர ஐடென்டிற்றிய அவங்களிட்ட குடுத்திட்டுத்தான் உன்னக் கூட்டிக்கொண்டு வந்தனான். நீ திரும்பிப் போனாப் பிறகு என்னை வந்து எடுக்கச் சொன்னவங்கள்.”

அடையாள அட்டை இல்லாமல் ஓர் இரவு, அந்தக் காலத்தில், கொட்டாஞ்சேனையில். வீட்டுக்கு வீடு சோதனை நடந்த நாட்கள்; அட்டை இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

“ஏன் அன்ரி எனக்குச் சொல்லேல்ல?”

“சொல்லியிருந்தா நீ அப்பவே திரும்பிப் போயிருப்பாய், மகள்.”

மூன்று மணி ரயிலைப் பிடிக்கும் எண்ணத்தோடு போயிருந்தேன். பிடிக்கவில்லை. சோறும் பாரைமீன் குழம்பும் சாப்பிட்டு, அன்ரியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, இருட்டும்வரை இருந்தேன். நீங்கள் போவதென்றால் காலையிலேயே போங்கள்; பின்னேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.