தலை மட்டும் பறந்த ஞாயிறு

1. போன ஞாயிறு மாலை, எங்கள் தேனி உள்ளூர் கேபிள் சேனலில், பழைய காமிக்ஸ் வீரன் ஒருவனின் கதை இசை நாடகமாக நேரலையில் போனது.
2. முதல் பாட்டில் வைகை அணைக்கு மேலே பறந்த வீரனுக்குத் தலை இருந்தது, இரண்டு கைகள் இருந்தன. உடம்பு இல்லை.
3. இரண்டாவது பாட்டில் உடம்பு வந்தது. வானம் போய்விட்டது.
4. இரண்டுக்கும் காரணம் நான்.

வார நாட்களில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை. ஞாயிறுகளில் அந்த சேனலின் வீடியோ மிக்ஸரில் உட்காருவேன். பச்சைத் திரைக்கு முன்னால் ஆளைப் படுக்க வைத்து, பச்சையை நீக்கிவிட்டு, அங்கே வானத்தைப் போடுவது என் பொறுப்பு. திரை என்று பெருமையாகச் சொல்கிறேன்... நாற்றுப் பண்ணையில் நிழலுக்குக் கட்டும் வலைதான் அது. மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறியது. அதனால் எந்தப் பச்சையானாலும் போகட்டும் என்று நீக்கும் வரம்பைக் கூட்டி வைத்திருந்தேன்.

வீரனின் உடையைத் தைத்தவர் என் அம்மா. எங்களிடம் இருந்த காமிக்ஸ் கறுப்பு வெள்ளை, அட்டையும் கிழிந்துபோயிருந்தது. வீரனுக்கு என்ன நிறம்? யாருக்கும் தெரியவில்லை. அம்மாவே முடிவு செய்தார் — கிளிப்பச்சை, மஞ்சள் பார்டர்.

நானாவது கேட்டிருக்க வேண்டாமா? அப்பா இறந்து ஒன்றரை வருடமாக அம்மா தையல் மெஷினைத் தொடவில்லை. மறுபடி சத்தம் கேட்கிறதே என்ற சந்தோஷத்தில் துணியைப் பார்க்க மறந்தேன். ஒத்திகையெல்லாம் சாதாரணச் சட்டையில் முடிந்துவிட்டது.

முதல் பாட்டு முடிந்ததும் உரக்கடை விளம்பரம். அந்த இடைவெளியில் அம்மா போனில் வந்தார்.

"ஏ ஆத்தா, நான் தச்ச சட்டைய ஏன் மறைச்சுப்புட்டாக?"

"மறைக்கலம்மா, அது கம்ப்யூட்டர்..."

"தோள்பட்ட சரியா உக்காரலையா? சொல்லு, ஒண்ணும் நெனைக்க மாட்டேன். கைப்பழக்கம் விட்டுப்போச்சு போல. இனிமே தைக்க வேணாம்."

வரம்பைக் குறைத்துப் பார்த்தேன். சட்டை பாதி வந்தது. வானம் ஓட்டை ஓட்டையானது. அடுத்த பாட்டு தொடங்கியது. வானத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன்.

வலை தெரிந்தது. அதே வலையைப் போர்த்திய இரண்டு பெஞ்ச், ஒரு டேபிள் ஃபேன் தெரிந்தன. வீரனாக நடித்த பால் சொசைட்டி கனகராஜ் அண்ணனுக்கு எதுவும் தெரியாது. பெஞ்சில் குப்புறப் படுத்து, நீந்துவதுபோல் கையை வீசி, உருகிப் பாடிக்கொண்டிருந்தார். கிளிப்பச்சை பளிச்சென்று நின்றது.

டைரக்டர் சுருளி அண்ணன் ஓடி வந்தார்.

"ஏம்மா, வானத்த எங்கம்மா?"

"எடுத்துட்டேண்ணே."

"பெஞ்சுல கெடக்குறவன் எப்படிம்மா ஊரக் காப்பாத்துவான்?"

"பாட்டு நல்லாத்தானண்ணே போகுது."

மாயக் காட்சியில் எதைக் காட்டினோம் என்று பார்த்துத்தான் கைதட்டுகிறார்கள். எதை மறைத்தோம் என்பது யார் கண்ணில் படும்? தைத்தவர் கண்ணில் மட்டும்தான்.

நாடகம் முடிந்ததும் மறுபடி அம்மா.

"பாத்தேன். எடது தோள்ல ஒரு சுருக்கம் விழுது. படுத்துக்கிட்டுப் பாடப்போறாகன்னு மொதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி வெட்டியிருப்பேன்ல?"

வரும் ஞாயிறு இரண்டாம் பாகம். மிக்ஸரில் நான் இருப்பேனா என்று சுருளி அண்ணன் இன்னும் சொல்லவில்லை. வில்லனுக்கு அம்மா அளவெடுத்துவிட்டார்.