உப்பளத்துக் கழிப்பறையின் சாவி

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியில் எந்தெந்த வேலைக்குப் பணம் ஒதுக்கினார்கள், அதில் எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் சின்னக் குழுவின் வேலை. மரக்காணத்துப் பக்கம் என் பொறுப்பு. ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அனுமந்தையில் பாதியில் நின்றுபோன சாலையைப் பார்த்துவிட்டு நான் அதிகாரிகளைத் திட்டிய திட்டு குழுவில் வெகு பிரபலம்.

போன கோடையில் உப்பளத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டி முடித்ததாகத் தகவல். முடித்துத்தான் இருந்தார்கள். புதுப் பெயிண்ட் பளபளத்தது. கதவில் பெரிய பூட்டு. சுற்றிலும் வெறும் பாத்திகள்; மறைவுக்குப் போக வெகுதூரம் நடக்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் உப்பு வாரி, நீர்க்கடுப்பில் அவதிப்படும் பெண்களை எனக்குத் தெரியும். எரிச்சல் தாங்கவில்லை. பூட்டைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், விடாதீர்கள் என்று உடனே பதில்கள் வந்தன.

உப்புக்கூடையை இறக்கி வைத்த ஓர் அக்காவிடம் கேட்டேன். முதலில் தெரியாது என்றார். நான் விடவில்லை. யாராக இருந்தாலும் பார்த்துக்கொள்கிறேன், ஆளை மட்டும் சொல்லுங்கள் என்று வேறு வீராப்பாகச் சொன்னேன்.

“உங்க வூட்லதாம்மா இருக்குது” என்றார், தரையைப் பார்த்தபடி.

எங்கள் பக்கம் அரசாங்கக் கட்டடம் எது முடிந்தாலும், திறப்பு விழா அன்றே சாவியை அக்கம்பக்கத்தில் செல்வாக்கான வீட்டில் கொடுத்துவிடுவார்கள். அது ஒரு மரியாதை. அந்த இடத்தில் உப்பளம் வைத்திருப்பவர் என் மாமனார். ஊரெல்லாம் சுற்றிக் கேள்வி கேட்ட எனக்கு இது தோன்றவே இல்லை. வீட்டில் கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டாரை அதற்குள் வைத்திருப்பதாகவும், திறந்து போட்டால் களவு போய்விடும் என்றும் ஏதோ நல்ல காரியம் செய்தவர்போலச் சொன்னார். வேண்டுமானால் சாவியை எடுத்துக்கொள் என்றும் சொன்னார்.

எனக்கு மானம் போயிற்று. குழுவில் போட்ட படத்தை அழித்துவிடலாமா என்று கை போனதையும் சொல்ல வேண்டும். அழிக்கவில்லை. கேட்டவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை.

மறுநாள் நானே போய்க் கதவைத் திறந்தேன். உட்காரும் பீங்கான் மேல் பலகை போட்டு அதன்மேல் மோட்டாரை வைத்திருந்தார்கள். தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ஆள் வைத்து எடுத்துவிடுகிறேன், சாவி இனிமேல் உங்களிடமே இருக்கட்டும் என்று அந்த அக்காவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம்மா. நாளைக்கு ஒரு சாமான் காணாம போச்சுன்னா எங்க பேருதான் அடிபடும். நீங்க வூட்டுக்குப் போயிடுவீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, திறந்து கிடந்த கழிப்பறையைத் தாண்டி, வேலிக்காத்தான் புதர் இருந்த பக்கமாக நடந்தார். அவர் திரும்பி வரும்வரை நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.