சந்தேகம்மாவும் நான்காவது கோப்பையும்

பேச்சாளர் நன்றி சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குவளையை எடுப்பதற்குள் மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்துவிடும். கைக்கடிகாரத்தை உட்பக்கமாகத் திருப்பிக் கட்டிய, ஒல்லியான கை. "ஒரு சின்ன சந்தேகம்." பிறகு வருவது சின்னதாகவும் இருக்காது, ஒன்றோடும் நிற்காது. கவிதையில் நிலவைப் பற்றி மனமுருகப் பேசிய ஒருவரிடம், "அந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னு நிலா எழும்பறதப் பாத்தான்னீங்க. விடியறப்போ அதே ஜன்னல்ல நிலா மறையறதையும் பாத்தான்றீங்க. வீட்டையே திருப்பி வச்சாங்களா?" என்று கேட்டார். பேச்சாளர் வேர்த்துப்போய், கவிஞரைத்தான் கேட்க வேண்டும் என்றார். "அவர் இல்லையே, நீங்கதானே இருக்கீங்க" என்றது அந்தக் கை.

கலை இலக்கிய வட்டத்தில் அவருடைய சொந்தப் பெயர் உறுப்பினர் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. எல்லாருக்கும் அவர் சந்தேகம்மா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் வாய்தவறி யாரோ முகத்துக்கு நேராகவே கூப்பிட்டுவிட, "நல்லா இருக்கே, ஏதோ பாட்டியோட பேரு மாதிரி" என்று சொல்லி அதையே வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் ஆயுள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவர். "யாருக்கு இது? என்ன வயசு? வேற மாத்திரை ஏதாவது போடறாரா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் கொடுப்பார். கேட்காமல் கொடுத்தால் உயிர் போய்விடும் என்ற வேலையில் இருந்தவருக்கு, ஓய்வு பெற்றபின் கேட்பதை நிறுத்தத் தெரியவில்லை. அந்த வேலை விட்டுப்போன இன்னொரு பழக்கமும் உண்டு. மருந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, உள்பக்கத்து வெள்ளையில்தான் எதையும் எழுதுவார். மளிகைச் சாமான் பட்டியல் இருமல் மருந்தின் முதுகிலும், மகளுக்கு எழுதிவைக்கும் சேதி வயிற்றுவலி மாத்திரையின் முதுகிலும் இருக்கும்.

மகள் பள்ளியில் இசை ஆசிரியை. அம்மாவை நன்றாகவே படித்து வைத்திருந்தாள். "நம்ம பாஷைல கேக்கறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்மா. உனக்கு ஒண்ணுதான் தெரியும்" என்பாள். "ரெண்டாவது என்ன?" என்று அதையும் கேள்வியாகவே கேட்பார் சந்தேகம்மா. கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

வட்டத்துக்குப் பொன்விழா வந்தது. தலைவர் ஒரு கண் மருத்துவர். அளந்து பேசுகிறவர், மேடை என்றால் மட்டும் அளவு மறந்துவிடும். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. விழா மலருக்கு வட்டத்தின் வரலாற்றை எழுதும் வேலையைச் சந்தேகம்மாவிடம் கொடுத்தார். "முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்களை எவ்வளவு வேணா கேள்வி கேக்கட்டும். நாம கொஞ்சம் மூச்சு விடலாம்" என்று செயலாளரிடம் சொன்னதாகக் கேள்வி.

வட்டத்தின் வரலாறு என்று எல்லாரும் ஒப்பிக்கிற ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒரு கவிஞர், ஒரு கதாசிரியர், ஓர் ஓவியர். மூன்று நண்பர்கள் படத்துக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் கூடி, கலையும் இலக்கியமும் கைகோக்க வேண்டும் என்ற பெருங்கனவோடு வட்டத்தைத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். இந்தக் காட்சியை ஓவியரே வரைந்த படம் கூட்ட அறையில் மாட்டியிருக்கிறது. மேசையைச் சுற்றி மூவர், நடுவில் தேநீர்க் கோப்பைகள், பின்னால் சுவரெல்லாம் வெறும் சட்டங்கள்.

சந்தேகம்மா அந்தப் பெருங்கனவைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தார். காலமான கவிஞரின் மனைவி, "கனவும் இல்ல ஒண்ணும் இல்ல. வீட்டுல வெள்ளையடிச்சாங்க. உக்கார எடம் இல்லாம மனுஷன் கடைக்குப் போனாரு. போனவரு திரும்பவே இல்ல, சனிக்கிழமையானா அங்கேதான்" என்றார். அப்படியே நூல் பிடித்துப் போனதில் இன்னும் பல வெளியே வந்தன. நடுவில் ஒரு காலத்தில் வட்டம் இரண்டாக உடைந்திருக்கிறது. படம் பார்க்க விளக்கு எல்லாம் எரிய வேண்டும் என்றார்கள் ஓவியர்கள். கவிதை கேட்க மங்கலான வெளிச்சம்தான் வேண்டும் என்றார்கள் கவிஞர்கள். கோபித்துக்கொண்டு போக வேறு இடம் இல்லாததால், ஒரே அறையின் இரண்டு மூலைகளில், முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனிக் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். கோடை வந்தபோது அறையில் ஒரே ஒரு மின்விசிறிதான் ஓடியது. கொள்கையெல்லாம் வேர்வையில் கரைந்து மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். இதையெல்லாம் காய்ச்சல் மாத்திரை அட்டையில் எழுதிக்கொண்டபோது சந்தேகம்மா தனியாகச் சிரித்ததை மகள் பார்த்திருக்கிறாள்.

ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. சுவரில் இருந்த அந்தப் படம். இத்தனை வருஷமாகப் பார்த்த படம்தான், ஆனால் எழுதுவதற்காகப் பார்ப்பது வேறு. ஆட்கள் மூன்று பேர். மேசையில் கோப்பைகள் நான்கு. நான்காவதிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

மூவரில் உயிரோடு இருப்பவர் ஓவியர் மட்டும்தான். கை நடுக்கம் வந்து வரைவதை விட்டுவிட்டார். பேச்சில் நடுக்கம் இல்லை. சந்தேகம்மா போய் நின்றதும், "அதுவா? படத்துல அந்த மூலை காலியா இருந்துச்சு. ஒரு கப்பைப் போட்டேன்" என்றார்.

"காலியா இருந்தா ஒரு வெத்தலைப் பெட்டி, புஸ்தகம் எதையாவது போட்டிருக்கலாமே? அதுவும் சூடா எதுக்கு? யாரோ இப்போதான் ஊத்தினாப்ல இருக்கே?"

ஓவியர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "நீங்க விடமாட்டீங்க" என்றார்.

"மாட்டேன்."

"லிஃப்ட்டுக்காரர் ஒருத்தர் வருவாரு. லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவரு. கல்யாண போட்டோவுக்குச் சட்டம் போட வந்தாரு. பசை காயணும், அதுவரைக்கும் உக்காருங்கன்னு கடைக்காரர் சொன்னாரு. உக்காந்தாரு. எங்க கவிஞருக்கு ஒரு ஆள் கிடைச்சா விடுவாரா? எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கு முன்னாடி நாங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வாசிப்போம், காட்டுவோம். உண்மையச் சொல்லணும்னா, நம்ம முறை எப்ப வரும்னு காத்துட்டிருப்போமே தவிர எவனும் கேக்கறதில்ல. இவரு கேட்டாரு. அடுத்த சனிக்கிழமையும் வந்தாரு, எந்தச் சட்டமும் இல்லாம. அன்னைக்குத்தான் கவிஞர் சொன்னாரு, 'டேய், நமக்கு ஆள் வருதுடா, ஒரு பேரு வைப்போம்'னு."

"அப்புறம் படத்துல ஏன் இல்ல?"

"ஒரு வருஷம்போல வந்தாரு. திடீர்னு நின்னுட்டாரு. படம் வரையறப்போ மத்த ரெண்டு பேரும், வராதவனுக்கு எதுக்கு எடம்னாங்க. ஆளை விட்டுட்டேன். கப்பை விட மனசு வரல."

ஏன் நின்றார் என்று ஓவியருக்குத் தெரியவில்லை. அவ்வளவு போதாதா சந்தேகம்மாவுக்கு? மறுநாளே லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியின் படியேறினார். அங்கே ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவர் மற்றொருவரைக் கைகாட்ட, கடைசியில் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்து வீட்டின் அழைப்பு மணியில் அவருடைய விரல் போய் நின்றது.

லிஃப்ட்டுக்காரர் பெரிய உடம்பும் மெல்லிய குரலுமாக இருந்தார். தன் மகளோடு, அவள் வீட்டில் இருக்கிறார். "தரைத்தளமாப் பாத்து எடுன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். ஏறி எறங்குனது போதும்" என்று சிரித்தார். வட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவருக்கு நினைவு வரவில்லை. சட்டக்கடை என்றதும் முகம் மலர்ந்தது.

"அந்த வாசிக்கிறவரு எப்படி இருக்காரு?"

போய்விட்டார் என்று சந்தேகம்மா சொன்னார். லிஃப்ட்டுக்காரர் எழுந்து உள்ளே போய், கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பி வந்தார்.

"என்ன கவிதை வாசிச்சார்னு ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தார் சந்தேகம்மா.

"ஒரு வரி கூட இல்லம்மா. வாசிக்கறப்போ அவரு கையில காகிதம் நடுங்கும். அதான் ஞாபகம். எனக்கு அப்போ..."

"புரியலன்னா எதுக்குப் போனீங்க?"

அவர் நிறுத்தினார். "புரியாமன்னு இல்ல. நம்ம வேலை எப்படின்னா..."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

மறுபடி நிறுத்தினார். வாதாடவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. சந்தேகம்மா பேசி முடிக்கட்டும் என்று, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார். அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எதிரே ஒருவர் இப்படி முழுசாகக் காத்திருப்பதைச் சந்தேகம்மா எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வியை விழுங்கினார். அது மாத்திரை மாதிரி தொண்டையில் கொஞ்சம் நின்றுதான் இறங்கியது.

"சொல்லுங்க" என்றார்.

லிஃப்ட்டுக்காரர் சொன்னார். "லிஃப்ட் ஓடற குழி இருக்கு பாருங்க, அதுக்குள்ளதான் நமக்கு வேலை. இருட்டு, கிரீஸ் நாத்தம், தனியா நிக்கணும். மேலயும் கீழயும் ஜனங்க போய்ட்டு வந்துட்டு இருப்பாங்க. அவங்க பேசறது காதுல விழும். 'டாக்டர் என்ன சொன்னாருன்னா'ன்னு ஒரு அம்மா ஆரம்பிப்பாங்க. கதவு மூடிக்கும். 'நேத்து அவ வந்து அழுதா, ஏன்னா'ன்னு இன்னொருத்தர். கதவு மூடிக்கும். வருஷக்கணக்கா பாதிப் பாதியாவே கேட்டவன்மா நான். அந்த அம்மாவுக்கு டாக்டர் என்ன சொன்னாரோன்னு ராத்திரி படுத்தா மண்டை குடையும். அந்தக் கடையில அந்த மனுஷன் எழுந்து நின்னு, ஆரம்பிச்சு, முடிச்சுட்டு, உக்காந்தாரு. நடுவுல கதவே மூடல. அதான் போனேன்."

சந்தேகம்மா அட்டையை மடியில் வைத்திருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றவே மறந்துபோயிருந்தார்.

"அப்புறம் ஏன் நின்னுட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லவங்கதான். ஆனா ஒருநாள், 'நீங்களும் ஏதாவது எழுதிட்டு வந்து வாசிக்கணும், அடுத்த வாரம் உங்க முறை'ன்னுட்டாங்க. கேக்கறதுக்கு மட்டும் ஒருத்தன் வரலாம்னு அவங்களுக்குத் தோணல. நமக்கு அதைச் சொல்லவும் வாய் வரல. அப்படியே நின்னுட்டேன்."

அன்று சந்தேகம்மா வீடு திரும்பியதும், மகள் தன் பள்ளியில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்தும் கேள்வி எதுவும் வரவில்லை. பயந்துபோய் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வரலாற்றைப் படித்த தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. "போன மலர்ல பெருங்கனவுன்னு போட்டோம். இப்ப பசை காயலைன்னு போடறதா? அதுவும் ஒரு வரி எழுதாதவரு நிறுவனரா?"

"நீங்க வாரா வாரம் யாருக்குப் பேசறீங்க டாக்டர்?" என்று கேட்டார் சந்தேகம்மா. கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். அப்படி அவர் காத்திருப்பது பழக்கமில்லாததால் தலைவர் தடுமாறிப் போனார். ஓவியரும் சொல்லி அனுப்பினார்: "போடலேன்னா படத்தைக் கழட்டி என் வீட்டுக்கு அனுப்பிடுங்க." வரலாறு அப்படியே அச்சானது, பசையோடும் மின்விசிறியோடும்.

அச்சான பிறகு தலைவர் அடியோடு மாறிவிட்டார். அது என்னவோ தன்னுடைய கண்டுபிடிப்பே என்பதுபோல் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். விழாவுக்கு லிஃப்ட்டுக்காரரை அழைத்து வரக் காரே அனுப்பினார். "நான்காவது நிறுவனர்" என்று சொல்லி மேடையின் நடுவில், ஓவியருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஓவியர் நடுங்கும் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு தலைவர் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு, "இப்போது நம் நான்காவது நிறுவனர் அவர்கள், தம்முடைய இலக்கிய அனுபவங்களை நம்மோடு பகிர்ந்துகொள்வார்கள்" என்றார்.

கைதட்டல் எழுந்தது. லிஃப்ட்டுக்காரர் பாதி எழுந்தார். சட்டைப் பொத்தானைத் தடவினார். ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து இறங்கும் படி எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

யாருக்கும் விளங்குவதற்கு முன்பே மூன்றாவது வரிசையிலிருந்து சந்தேகம்மா எழுந்து போய்விட்டார். படியேறி, லிஃப்ட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். மறுபடி ஏறினார். லிஃப்ட்டுக்காரர் உட்கார்ந்திருந்த கனமான நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, முழங்காலில் இடித்துக்கொண்டே இறக்கி, முதல் வரிசைக்கு முன்னால் மேடையைப் பார்த்தாற்போல் போட்டார்.

அவர் உட்காரும்வரை பின்னால் நின்று, நாற்காலி ஆடாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.