மூட்டை நான் பிரிப்பேன், பொட்டலம் நீங்கள் பிரியுங்கள்

அடுத்தவர் வீட்டு வாசலில் சாமான் மூட்டையைப் பிரிக்கிற தொழிலில் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. அது சுத்தம் என்று நாலு பேர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். பால் ஊற்றுகிறவர்கள், மண்ணெண்ணெய் வண்டி தள்ளுகிறவர்கள், சிலிண்டர் இறக்குகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். அளவு குறைந்தால் உங்களைப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால், இதில் என்ன சூது என்று இன்னும் உற்றுப் பார்ப்பார்கள்.

எனக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் எதிரி சந்தில் தப்பித்துவிடுவான். ஒன்று: ஒரகடம் சாலையில் நான் வேலை பார்த்த வார்ப்படத் தொழிற்சாலையில், உலைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை வைக்கச் சொன்னதற்காக ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இரண்டு: அதைக் கண்டித்து நோட்டீஸ் போட்டதற்காக ஷிப்டை மாற்றினார்கள். மூன்று: வேலைநிறுத்தம் நடத்தியதற்காகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். நான்கு: என்னோடு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து உள்ளே போனார்கள், கடிதத்துக்கு வாசகம் வராதவர்கள் என்னிடமே வந்து எழுதி வாங்கிப் போனார்கள். ஐந்து: என் தியாகத்தை மெச்சி, சங்கத்தார் நடத்திய கூட்டுறவுப் பண்டகசாலையில் எனக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் கொடுத்தார்கள். ஆறாவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பலகை மாறியது

எழுபதுகளின் கடைசியில் பண்டகசாலையின் செயலாளருக்குப் பட்டணத்தைப் பார்த்து ஓர் ஆசை வந்தது. பழைய பலகையை இறக்கிவிட்டு ‘சூப்பர் மார்க்கெட்’ என்று எழுதி மாட்டினார். உள்ளே அதே தராசு, அதே எலி. புதிதாக வந்தது ஒன்றே ஒன்று: தொழிலாளர் குடியிருப்புப் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டாம், திங்கட்கிழமை சீட்டு எழுதிக் கொடுத்தால் சனிக்கிழமை சாமான் வாசலுக்கு வரும். கன்னியப்பன் நிறுப்பான், சகாயராஜ் பொட்டலம் கட்டி மூட்டையில் அடுக்குவான், நான் மிதிப்பேன்.

முதல் சனிக்கிழமை செயலாளர் என் தோளில் கை போட்டு வண்டி வரைக்கும் வந்தார். தோளில் கை போடுகிறவர்களை எனக்கு எப்போதுமே ஆகாது. தொழிற்சாலை மேனேஜரும் என்னை வெளியே அனுப்புவதற்கு முன் அப்படித்தான் கை போட்டார். இவரும் வண்டிக்கு அருகில் வந்ததும் கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: “உன்ன நம்பித்தாம்பா ஊடு ஊடா அனுப்பறேன். ஆனா என் ஒரு கண்ணு உன் மேலயே கீது, மறந்துறாத.”

படி அளந்த தாயாரம்மாள்

முதல் வரிசை, முதல் வீடு தாயாரம்மாள். கணவர் எங்கள் உலையில் மண் அள்ளுகிறவர். வல்லக்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். கிலோ வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்த அம்மாள் அதை வீட்டுக்குள் விடவில்லை. நான் ஐந்து கிலோ அரிசியை இறக்கியதும் உள்ளே போய்ப் பித்தளைப் படியைக் கொண்டு வந்து, குவித்து அளந்தார். நாலாவது படி நிரம்பவில்லை. “அஞ்சுன்னு சொன்ன, நாலு கூட வரல. மீதி எந்த வழியில எறங்கிச்சு?” என்று கேட்டார். பக்கத்து வாசல்கள் எல்லாம் திறந்தன.

படி வேறு, கிலோ வேறு என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொருளாதாரம், எடை அளவுச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துச் சுரண்டல் வரைக்கும் போனேன். அம்மாள் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அரிசியை முறத்தில் சரித்துக்கொண்டே சொன்னார்: “கிலோ சரியாத்தான் கீது, நோட்டீஸ்காரரே. படிதான் கொறையுது. அத்த யாரு எடுத்துனு போனா?”

சாக்கு விரித்த சட்டம்

அன்றைக்கே சட்டம் போட்டேன். சாமானை வாசலுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவது எளிது. பிறகு பழிச்சொல் வாங்குவதும் எளிது. ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதலில் ஒரு காலிச் சாக்கை விரிப்பேன். சீட்டில் முதலில் எழுதியது மேலே வரும்படி சகாயராஜை மூட்டை அடுக்கச் சொல்லியிருந்தேன். அதனால் துழாவ வேண்டாம். சீட்டை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவராவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: மூட்டை நான் பிரிப்பேன், பொட்டலம் நீங்கள்தான் பிரிக்க வேண்டும். பொட்டலத்து நூலில் என் விரல் படாது. உள்ளே என்ன இருந்தாலும் எனக்குச் சம்பந்தமில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதைவிடப் பத்திரமான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று நம்பினேன்.

என் குரல் கேட் கூட்டங்களில் மைக் கெட்டுப்போனாலும் கேட்கிற குரல். மூன்றாவது வரிசையில் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இருந்தார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் நான் சாக்கை விரிப்பதற்குள் ஓடி வந்து கெஞ்சினார்: “எங்க வீட்டுக்காரருக்கு நீரிழிவு இருக்குன்னு தெருவுக்கே தெரியும். சர்க்கரை ரெண்டு கிலோவை மட்டும் மனசுக்குள்ள படிச்சுக்கோங்க, அண்ணே.”

பதினேழு கோரிக்கைகள்

சைக்கிள் மிதித்தாலும் நான் போராட்டத்தை விடவில்லை. காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் நோட்டீஸ் அடித்தேன். ரோஸ் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. மற்றவர்கள் நோட்டீஸைப் போல உள்ளங்கை அகலம் இல்லை. கோரிக்கை பதினேழு இருந்ததால் தாள் முழங்கை நீளம் வந்தது. கோரிக்கை ஒன்று: உலைக்கு அருகில் தண்ணீர்ப் பானை. ஊருக்கு ஒரு கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேல் தாளிலும் ஊரையும் பொறுப்பாளர் பெயரையும் ஊதாப் பென்சிலால் என் கையாலேயே எழுதினேன். படப்பை ஊருக்கான கட்டை நானே நின்று விநியோகித்தேன். நின்று வாங்கியவர்களைவிட நடந்துகொண்டே வாங்கியவர்கள் அதிகம்.

வாலாஜாபாத் பஸ் நிலையத்துக் கட்டுதான் பெரியது. அதைச் சகாயராஜ் வாங்கிக்கொண்டான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை. என்னோடு கேட்டுக்கு வெளியே நின்றவர்களில் மன்னிப்புக் கடிதம் எழுதாதவன் அவன் ஒருவன்தான். செயலாளரிடம் மல்லுக்கட்டி அவனுக்குப் பண்டகசாலையில் வேலை வாங்கியவன் நான். யாரையும் நம்பாத எனக்கு அவனிடம் மட்டும் கேள்வி வராது. மறுநாள் பொட்டலம் கட்டிக்கொண்டே அவன் சொன்ன சேதியில் எனக்கு ஒரு வாரம் பசி எடுக்கவில்லை: “போட்டி போட்டு வாங்கினாங்க, தலைவரே. ஒரு பேப்பர் கூட கீழ வுழல.”

டப்பாவில் ஒரு கோடு

நாலாவது வரிசையில் ஸ்டெல்லா. மாதாகோயில் பக்கத்துக் குடும்பம். கணவர் மெஷின் ஷாப்பில். அந்தப் பெண் பால் மாவு டப்பாவின் உட்பக்கத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தது. அரை கிலோ துவரம்பருப்பு கொட்டினால் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். மழைக்காலம் முடிந்த பிறகு பருப்பு கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அடுத்த வாரம் தாயாரம்மாள் வீட்டில் உளுந்து, அதற்கடுத்து டீச்சர் வீட்டில் கடலை. எல்லா வாரமும் இல்லை, எல்லா வீட்டிலும் இல்லை. குறைந்தவை எல்லாம் ரோஸ் தாள் பொட்டலம் என்று ஸ்டெல்லாதான் கண்டுபிடித்தது. கடையில் செய்தித்தாள் தீர்ந்துபோய் ஏதோ திருவிழா நோட்டீஸை எடைக்கு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். வெளியே தெரிந்தது வெறும் பக்கம். உள்பக்கத்தைப் பார்க்க என் விதி இடம் கொடுக்கவில்லை. அவர்கள் உள்ளே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் தாளை அடுப்பில் போட்டுவிடுவார்கள்.

செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். “மூணு புகார் வந்தாச்சு. நாலாவது வந்தா சைக்கிள் சாவியக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு. ஏன்னு கேக்கறவங்களுக்குக் காரணத்தையும் சொல்லித்தான் அனுப்புவேன்.” வேலை போவது எனக்குப் பழக்கம். நோட்டீஸ் போட்டதால் போனான் என்றால் தலை நிமிர்ந்து நடக்கலாம். பருப்பு திருடிப் போனான் என்றால் எந்தக் கேட் முன்னால் போய் நின்று பேசுவேன்?

நான் சந்தேகப்பட்டது கன்னியப்பனை. வேலைநிறுத்தத்தின்போது சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனவன், பிறகு செயலாளர் தயவில் தராசடிக்கு வந்தவன் அவன். கருங்காலிகள் பட்டியலில் அவன் பெயரைக் கேட் கூட்டத்தில் மைக்கில் வாசித்தவன் நான். இரண்டு வெள்ளிக்கிழமை தராசுக்கு எதிரே நின்று கண் கொட்டாமல் பார்த்தேன். முள் நடுவில்தான் நின்றது. அதனாலேயே சந்தேகம் கூடியது. அவன் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “நல்லா பார்த்துக்கோ. தராசு முள்ளு நிக்கிற எடத்துலதான் நிக்கும். உன் நோட்டீஸ் மாதிரி ஒரு பக்கமா சாயாது.”

மாவுக் கை

அடுத்த சனிக்கிழமை செயலாளரே வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். கைத்தராசோடு கன்னியப்பனையும் அழைத்து வந்தார். மூன்று வரிசை பழுதில்லாமல் முடிந்தது. ஸ்டெல்லா வாசலில் சாக்கை விரித்தேன். எதிர் வீட்டுக்கு வந்திருந்த தாயாரம்மாளும் டீச்சரும் பார்க்க நின்றார்கள். சீட்டை வாசித்து எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன். துவரம்பருப்பு ரோஸ் தாளில் வந்தது.

ஸ்டெல்லா ஆட்டுக்கல்லிலிருந்து எழுந்து வந்திருந்தது. முழங்கை வரைக்கும் மாவு. “நீயே பிரிண்ணே,” என்றது. விதியைச் சொன்னேன். “உன் சட்டத்த தூக்கி அந்தாண்ட வை. நாங்க இத்தினி பேர் நிக்கிறோம், உன் வெரல் இன்னா பருப்ப முழுங்கிடுமா?” என்றார் தாயாரம்மாள். செயலாளரும் தலையாட்டினார். என் வாழ்நாளில் முதல் முறையாக அடுத்தவர் பொட்டலத்தின் நூலை அவிழ்த்து, பருப்பைக் கன்னியப்பனின் தட்டில் கொட்டினேன். ஒரு கைப்பிடி குறைந்தது. செயலாளர் கையை நீட்டினார். “சாவி.”

சாவியை எடுக்கக் கையில் இருந்த தாளைக் கீழே வைக்கப் போனேன். அச்சுப் பக்கம் திரும்பியது. ‘கோரிக்கை ஒன்று: உலைக்கு அருகில் தண்ணீர்ப் பானை.’ தாளின் நெற்றியில் ஊதாப் பென்சில் எழுத்து. என் எழுத்து. கன்னியப்பன் நிறுத்துவிட்டுப் போன பிறகு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து, கிழிந்த செய்தித்தாளுக்குப் பதிலாக, வீட்டில் அடுக்கி வைத்திருந்த நோட்டீஸ் கட்டிலிருந்து உருவிக் கொண்டுவந்த புதுத் தாளில் கட்டியிருக்கிறான். வாரம் இரண்டு தாள், மூன்று தாள். கட்டின் மேல் தாளைப் பார்த்து உருவ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவனும் அதைப் படிக்கவில்லை.

மடித்துப் பையில் வைத்திருந்தால் சாவியோடு முடிந்திருக்கும். மன்னிப்புக் கடிதம் எழுதாத ஒரே ஒருவன் எனக்கு மிச்சம் இருந்திருப்பான். மடிக்கவும் தொடங்கினேன். கன்னியப்பன் தராசைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு என் கையைப் பார்த்தான்.

“எழுத்து கீது பாரு அதுல. எதுக்கு மடிக்கிற? என் பேர மைக்குல படிச்ச இல்ல, அதே கொரல்ல இத்தையும் படி. இவங்களும் கேக்கட்டும்.”

வாழ்க்கையெல்லாம் நோட்டீஸ் எழுதியதில், நின்ற இடத்தை விட்டு ஒருவரும் நகராமல் கேட்ட வரி இது ஒன்றுதான்: “வாலாஜாபாத் பஸ் நிலையம், பொறுப்பு, தோழர் சகாயராஜ்.”