திம்பம் ஏறும் லாரி: வெளிவராத ஒரு வீடியோ கேமுக்காக மைசூர் வரை

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் வழியாக மைசூர் போவது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த வழியில் நான் முதன்முதலாகத் தனியாகப் போனது தொண்ணூறுகளின் நடுவில், கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். அரண்மனை பார்க்கவோ மல்லிகை வாங்கவோ போகவில்லை. அழிந்துகொண்டிருந்த ஒரு வீடியோ கேமைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கப் போனேன்.

அப்போது நான் கோபியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாதேசன் எனக்குப் பழக்கமானது ஒரு பத்திரிகையின் வாசகர் பகுதி மூலமாக. கர்நாடகத்து ஹனூர்ப் பக்கம் தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்துப் பையன். மைசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். டிவியோடு இணைத்து, மேலே கேசட்டைச் செருகி, ஒற்றைக் குச்சியைப் பிடித்து ஆடுவோமே, அந்தப் பழைய விளையாட்டுப் பெட்டிக்குக் கேசட் செய்கிற கம்பெனி. அங்கே அவர் சொந்தமாக ஒரு கேம் எழுதினார். சரக்கு லாரி ஒன்று திம்பம் மலையின் வளைவுகளில் ஏறவேண்டும். எதிரே பஸ் வரும், சில இடங்களில் யானை நிற்கும். கேசட் கடைக்கு வருவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர்கள் ஏலத்தில் போக, அவர் எழுதிய நிரலும் அவற்றோடு போய்விட்டது. அவர் கையில் மிஞ்சியது மேல்மூடிகூட இல்லாத ஒரே ஒரு மாதிரி கேசட்.

வெள்ளிக்கிழமை எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சருங்களா? கேசட்டுப் போட்டா படம் ஆடுதுங்க. நேத்து லாரி பாதியிலயே நின்னுபோச்சு. செவ்வாக்கிழமை பெங்களூர்ல ஒரு கம்பெனியில இன்டர்வியூவுக்கு வரச்சொல்லியிருக்காங்க. செஞ்சதக் கொண்டாந்து காட்டுன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியலைங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த மாதிரி கேசட்டுகளில் இருப்பது ஈப்ராம் என்கிற சிப். அதன் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடிவைக்க வேண்டும். மூடாமல் வெளிச்சத்தில் விட்டால் உள்ளே எழுதியது கொஞ்சம் கொஞ்சமாக அழியும். "ஸ்டிக்கர் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லைங்க" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

சிப்பைப் படித்து நகலெடுக்கும் கருவி ஒன்றை நானே செய்து வைத்திருந்தேன். அதையும், நகல் எழுதக் காலிச் சிப்புகள் சிலவற்றையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிறு காலை சத்தியில் மைசூர் பஸ் ஏறினேன். மொத்தம் நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கும். பண்ணாரி தாண்டியதும் மலை தொடங்கும். திம்பம் வரை இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டுகிறவர்கள் முன்பக்கத்து ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடங்களில் அந்தக் காட்டில் சந்தனக் கடத்தல் கும்பலைப் பிடிக்கத் தேடுதல் வேட்டை நடந்துகொண்டிருந்தது. ஆசனூர் அருகே பஸ்ஸை நிறுத்தினார்கள். துப்பாக்கி வைத்திருந்த காவலர்கள் ஏறி ஒவ்வொரு பையாகத் திறந்தார்கள். என் பையிலிருந்து துண்டை எடுத்து விரித்தவர் அப்படியே நின்றார். பச்சைப் பலகை, அதிலிருந்து தொங்கும் வயர்கள், நான்கைந்து சதுரப் பேட்டரிகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

என்னை இறக்கினார்கள். மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயர்லெஸ்ஸா?"

"இல்ல சார். சிப்பு படிக்கிற மெஷின். நான் பாலிடெக்னிக்ல வேலை பாக்கறேன்." அடையாள அட்டையைக் காட்டினேன்.

"யாருக்குக் கொண்டுபோறீங்க?"

வீடியோ கேமுக்காக என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. அந்த இடத்தில், அந்த முகத்தைப் பார்த்து, அதை எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காலிச் சிப் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். அதன் கால்கள் வளைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து கண்டக்டர், "மேடம், இன்னும் செத்த நேரந்தான் பாப்பேனுங்க. அப்புறம் வண்டிய எடுத்துருவோம்" என்றார்.

அதிகாரி கேட்டார்: "பேட்டரி இல்லாம இது வேலை செய்யுமா?"

"செய்யாது சார்."

"அப்ப பேட்டரி இங்க இருக்கட்டும். மத்ததை எடுத்துட்டுப் போங்க."

பஸ்ஸில் ஏறிப் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு எல்லாம் வந்துபோனது தெரியும், பார்த்த நினைவில்லை. மைசூரில் இறங்கி பேட்டரி தேடினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரேடியோ கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. வெறுங்கையோடு ஆட்டோ பிடித்து விஜயநகர் போனேன்.

மாதேசன் வீடு ஒரு மாடிப் போர்ஷன். அவர் மனைவி பாக்யா கதவைத் திறந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பெண். பிறந்து வளர்ந்தது எல்லாம் மைசூர். "பன்னி மேடம், உள்ளே வாங்க" என்று கன்னடத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் அழைத்தார். எனக்கும் மாதேசனுக்கும் சோறு போட்டுவிட்டு, அவர் மட்டும் சாப்பிடாமல் சமையலறைக்குள் போய்விட்டார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமலே நடமாடினார்கள்.

பேட்டரி போன கதையைச் சொன்னேன். மாதேசன் யோசித்துவிட்டு விளையாட்டுப் பெட்டியின் அடாப்டரைக் கழற்றிக் கொடுத்தார். பேட்டரியைப் போல அதுவும் ஒன்பது வோல்ட்தான். நண்பரிடம் இரவல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று ஸ்டெபிலைசரோடு தயாராக இருந்தது. ஜன்னல்களை மூடி, திரையை இழுத்துவிட்டு, கேசட்டிலிருந்து சிப்பைக் கழற்றினேன். கண்ணாடி ஜன்னல் பளிச்சென்று இருந்தது. கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டினேன்.

படித்து முடித்ததும் சிப்பிலிருந்து வந்த எல்லா எண்களையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும்படி வைத்திருந்தேன். மறுபடி படித்தால் அதே எண் வரவேண்டும். வரவில்லை. மூன்றாம் முறை வேறொன்று. படிக்கிற ஒவ்வொரு தடவையும் சிப் வேறு எதையோ சொன்னது. மாதேசன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுங்களா?"

"பொறுங்க, பாக்கலாம்" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். பாக்யா அடுப்பைப் பார்த்தபடியே சன்னக் குரலில் சொன்னார்: "மேடம், அந்தக் கேசட்டை நான்தான் தொடச்சேன். ஷோகேஸ்ல தூசின்னு சும்னே, சும்மாத்தான், ஈரத்துணியால தொடச்சுட்டேன். அங்க வெயில் விழும். அப்புறந்தான் படம் ஆட ஆரம்பிச்சது. அவருக்கு இன்னும் சொல்லலே. இந்த வேலையும் போச்சுன்னா நான் எப்படி அவர் மொகத்தைப் பாக்கறது?"

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அப்போது சமையலறை விளக்கு மங்கியது. கூடத்து ஃபேன் ஓய்ந்து ஓய்ந்து சுற்றியது. லோ வோல்டேஜ். கோடையில் மத்தியானம் அங்கே அப்படித்தானாம். கருவி எரிந்துவிடப்போகிறதே என்று ஓடினேன். மாதேசன் அதற்குள் இன்னொரு முறை படித்திருந்தார். திரையில் ஒரு எண். மறுபடி படித்தோம். அதே எண். மறுபடியும் அதே.

கொஞ்ச நேரத்தில் விளக்கு பழையபடி பளிச்சென்று எரிந்தது. படித்தோம். எண் மாறிவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. பாதி அழிந்த சிப்பை முழு வோல்ட் கொடுத்துப் படித்தால், இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதும் அழிந்ததுபோலவே தெரிகிறது. வோல்ட்டைக் குறைத்தால் மிச்சமிருப்பது தெளிவாகத் தெரிகிறது. வகுப்பில் இதை நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சிப்புக்குப் போகும் வயரை மட்டும் வெட்டி, நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் இரண்டு டையோடு வைத்துப் பற்றவைத்தேன். மாதேசன் வயரைப் பிடித்துக்கொண்டார். பிறகு எத்தனை முறை படித்தாலும் ஒரே எண். அதைச் சேமித்தோம்.

ஒரே எண் வந்தால் அது சரியான எண் என்று அர்த்தமில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். புதிய சிப்பில் எழுத முழு வோல்ட் வேண்டும். ஆனால் மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வரை காத்திருந்து எழுதினோம். வளைந்த கால்களை நிமிர்த்தி, கேசட்டில் வைத்து, அடாப்டரைப் பெட்டிக்கே மாட்டி, கேசட்டைச் செருகி, ஸ்விட்சைப் போட்டார் மாதேசன்.

படம் ஆடவில்லை. பழுப்பு மலை, அதில் வளைந்து ஏறும் பாதை, கீழே சிவப்பு லாரி. மாதேசன் குச்சியைப் பிடித்தார். லாரி ஏறியது. யானைக்கு நின்றது. பஸ்ஸுக்கு ஒதுங்கியது. பாக்யா கதவருகே வந்து நின்றார். மேலே ஒரு வளைவில் லாரி திரும்பாமல் மலைக்குள்ளேயே புகுந்து, மறுபக்கம் வெளியே வந்தது.

"எங்கயோ இன்னும் தப்பா படிச்சிருக்கு" என்றேன்.

"இல்லைங்க டீச்சர்," என்றார் மாதேசன். "அது என்ர தப்புங்க. மொதல்லருந்தே அப்படித்தான். திருத்தறதுக்குள்ள கம்பெனிய மூடிட்டாங்க."

பாக்யா மெதுவாகக் கேட்டார்: "அப்ப இது நான் தொடச்சதால இல்லையா?"

மாதேசன் திரும்பினார். "நீ தொடச்சியா?"

பாக்யா எல்லாவற்றையும் சொன்னார். ஈரத்துணி, ஷோகேஸ், வெயில். மாதேசன் குச்சியைக் கீழே வைத்தார்.

"ஸ்டிக்கரைப் பிச்சது நானு. சிப்பு நம்பரைப் பாக்கோணும்னு பிச்சேன், திருப்பி ஒட்டல. நீ தொடைக்கறப்ப அதுல பசை மட்டுந்தான் இருந்திருக்கும். உன்கிட்டச் சொல்ல வாய் வரல. வேலை போனதும் போதாதுன்னு இதையும் நானே கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

பாக்யா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் பலகையில் வயர்களைச் சுற்றுவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினேன். மாதேசன் செவ்வாய்க்கிழமை பெங்களூர் போனார். கேமை வாங்கிக்கொள்ள அந்தக் கம்பெனிக்கு விருப்பமில்லை, அந்தப் பெட்டியின் காலமே முடிந்துவிட்டது என்றார்களாம். ஆனால் லாரி ஏன் மலைக்குள் புகுகிறது என்று ஒருவர் கேட்க, இவர் அந்தத் தப்பையும் அதைத் திருத்தும் வழியையும் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார். வேலை கிடைத்தது. திம்பம் லாரி இன்றுவரை எந்தக் கடைக்கும் வரவில்லை. நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. இருபத்தேழு வளைவையும் ஏறியவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

போகிறவர்களுக்கு: திம்பம் பாதையில் இப்போது இரவு நேரத்தில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காலை முதல் பஸ் நல்லது. வயர் தொங்கும் எதையாவது கொண்டுபோனால், அது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜன்னல் உள்ள பழைய சிப் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். அப்படி ஒன்றைச் சரிசெய்ய யார் வீட்டுக்காவது போனால், கருவியை வெளியே எடுக்குமுன் ஸ்டிக்கர் எப்படிப் போனது என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தால் அன்று மத்தியானம் பாக்யா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.