கல்லைக் கொட்டிவிட்டுப் பேசினோம்

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பியபோது, எங்கள் துறைமுகத்தில் முன்பு இல்லாத சாமான்கள் படகுகளில் ஏறின. ஒருவர் பெரிய எஞ்சின் மாற்றியிருந்தார். இலங்கை ரோந்துப் படகு துரத்தினால் தப்பிக்க வேண்டுமாம். அதைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரர் அதைவிடப் பெரியதை வைத்தார். ரோந்துப் படகுகளும் முன்னைவிட வேகமாக வரத் தொடங்கின. ஐஸ் பெட்டிகளோடு கல் நிரப்பிய கூடைகளும் ஏறின. அக்கரைத் தமிழ் மீனவர்கள் சின்ன ஃபைபர் படகுகளில் தனித்தனியாக வந்து வலை விரித்த காலம் போய், கூட்டமாக வந்தார்கள். அவர்களிடம் பெட்ரோல் அடைத்த பாட்டில்கள் இருப்பதாக எங்கள் ஆட்கள் சொன்னார்கள். எங்களிடம் கல் இருப்பதாக அங்கேயும் பேசியிருப்பார்கள்.

சண்டைக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் விசைப்படகு இழுத்துப் போகும் மடிவலை கடலடியை அரித்துக்கொண்டு போகும். அவர்கள் விரித்து வைத்த வலை அதில் சிக்கினால் கிழிந்துவிடும். அவர்களுக்கு அந்த வலைதான் பிழைப்பு. எங்களுக்கோ எல்லைக்கு இந்தப் பக்கம் மீன் குறைந்துவிட்டதால் அந்தப் பக்கம் போகாமல் முடியவில்லை. இரண்டு நாட்டுக் காவல் படகுகளும் இந்தச் சண்டையைக் காட்டித்தான் தங்கள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தன.

நான் புதுக்கோட்டையில் கல்லூரி முடித்து, வேலை தேடி அலைந்து, கடைசியில் அப்பாவின் விசைப்படகை ஓட்ட வந்தவன். மீனவர் சங்கக் கூட்டத்தில் அதிகம் பேச மாட்டேன். ஒருநாள் அங்கே ஒருவர், படகோட்டி நிற்கும் வீல் ஹவுஸைச் சுற்றி இரும்புத் தகடு அடிக்கலாம், புதுக்கோட்டைப் பட்டறையில் பேசிவிட்டேன் என்றார். நான் எழுந்தேன்.

"நாம தகடு அடிச்சா அவுங்க சும்மா இருப்பாங்களா?"

"அவுங்க ஒண்ணு செஞ்சா நாம அதுக்கு மேல செய்வோம்."

"அதுக்கு மேல அவுங்க செய்வாங்க. எதுல போயி நிக்கும்?"

"பயந்தவன் கரையில இருந்துக்க வேண்டியதுதான்" என்றார். கூட்டம் சிரித்தது. வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அவள் ஆவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கடல் அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. "அந்தப் பக்கத்து ஆளுக யாருகிட்டயாச்சும் நீங்க பேசியிருக்கீங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் கடலில் திட்டியதைத் தவிர நான் யாரிடமும் பேசியதில்லை.

பேச வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. ஒரு விடியற்காலையில் மடியை இழுத்தபோது மீனோடு ஒரு நீலநிற வலையும் சுருண்டு வந்தது. வழக்கமாக அதை வெட்டிக் கடலில் போட்டுவிடுவார்கள். ஆட்களில் ஒருவர் அரிவாளை எடுத்துவிட்டார். வலையில் மிதவையாகக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கேனில் பெயின்ட்டால் ஒரு ஃபோன் நம்பர் எழுதியிருந்தது. "வெட்டாத, வையி" என்றேன்.

கரைக்கு வந்ததும் அந்த நம்பருக்குப் பேசினேன்.

"ஆர் கதைக்கிறது?"

"நான் இந்தியாவுலேருந்து பேசுறேங்க. விசைப்படகுக்காரன். ஒங்க வலை எங்க மடியில வந்துருச்சு."

"வெட்டிப் போட்டியளோ?"

"இல்லைங்க. வச்சிருக்கேன். திருப்பித் தரணும்."

"என்னத்துக்கு?"

"ஒங்க வலைதானே" என்று மட்டும் சொன்னேன்.

வெளிநாட்டு நம்பருக்குப் பேசிவிட்டு மறைத்து வைத்தால் வம்பு என்று தெரியும். மறுநாளே மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அனுமதின்னு எதுவும் தர முடியாது. தகவலை மேல அனுப்பிர்றேன். எல்லையத் தாண்டாதீங்க. என்ன நடந்தாலும் வந்து சொல்லிருங்க" என்றார். அக்கரைக்காரரிடமும் இதையே சொன்னேன். அவரும் தங்கள் பக்கத்து அதிகாரியிடம் சொல்லிவிட்டே வருவதாகச் சொன்னார். ஜி.பி.எஸ்ஸில் ஓர் இடம் குறித்துக்கொண்டோம்.

காலை வெயில் ஏறும் நேரம் நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றோம். ஒரு படகில் வருவதாகச் சொன்னவர் மூன்று படகுகளோடு வந்தார். என் ஆட்கள் சட்டென்று கல் கூடைகளுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். போன வருடம் அக்கரைக் கல் பட்டுப் புருவம் கிழிந்தவர் ஒருவர் எங்கள் படகில் இருந்தார். "அண்ணே, ஏமாத்திட்டாங்க. திருப்புங்க" என்றார்.

"பயந்துதான் மூணா வந்திருக்காங்க. நாமளும் கூடையோடதானே வந்திருக்கோம்? கல்லைக் கொட்டுங்க."

"அவன் போடட்டும், நான் போடுறேன்" என்றார் அவர்.

இரண்டு பக்கமும் எல்லாரும் இதையே சொன்னால் சாயங்காலம் வரை அப்படியே நிற்க வேண்டியதுதான். வயர்லெஸ்ஸை எடுத்து, "நாங்க கல்லைக் கொட்டுறோம், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, நானே ஒரு கூடையைத் தூக்கிப் பக்கவாட்டில் கவிழ்த்தேன். இன்னொன்றையும் கவிழ்த்தேன். புருவம் கிழிந்தவர் தன் கூடைமேலே உட்கார்ந்துகொண்டார். அவரை நான் வற்புறுத்தவில்லை.

எதிர்ப்படகுகளில் ஏதோ வாக்குவாதம் நடந்தது. பிறகு ஒருவர் பாட்டில் பெட்டி ஒன்றை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். கடலில் போடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, அதன்மேல் நங்கூரக் கயிற்றை வைத்தார். இரண்டு படகுகள் பின்வாங்கின. ஒன்று மட்டும் வந்தது. அன்றைக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

வலையைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தோம். வலைக்குச் சொந்தக்காரர் என் வயதுக்காரர்தான். நன்றி சொல்லவில்லை. வலையை விரித்துப் பார்த்து, "மூண்டு இடத்திலை கிழிஞ்சிருக்கு" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்தக் கிழமையளிலை வாறியள்? தெரிஞ்சால் நாங்கள் வலை போடாமல் விடலாம்" என்றார்.

"நீங்க வலை போட்டிருக்க எடத்தைச் சொன்னா நாங்களும் அங்கிட்டு வராம இருப்போம்" என்றேன்.

சங்கத்தில் இதைச் சொன்னபோது, "காட்டிக் குடுத்துட்டு வந்திருக்கான்" என்று ஒருவர் கத்தினார். தகடு அடிக்கச் சொன்னவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் உட்காரவில்லை. "ஒரு சீசன் பாருங்க. சரியா வரலைன்னா என் படகுலதான் மொதத் தகடு அடிங்க" என்றேன். ஒரு சில படகுக்காரர்கள் மட்டும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் படகு கிளம்பும் நாளை நான் அக்கரைக்குச் சொல்வேன். அக்கரைக்காரர்கள் தங்கள் வலை கிடக்கும் இடத்தைச் சொல்வார்கள். அதிகாரிக்கும் தகவல் போகும்.

சில வாரம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒருநாள், எங்களோடு ஒத்துக்கொண்ட படகு ஒன்று கல் பட்டு வீல் ஹவுஸ் கண்ணாடி உடைந்து திரும்பி வந்தது. படகுத்துறையில் கூட்டம் கூடிவிட்டது. எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரைப் போட்டு அக்கரைக்குப் பேசினேன்.

"எங்கடை ஆக்கள் செய்யேல்லை" என்றார் அவர். கூட்டம் கொதித்தது. "எண்டாலும் விசாரிச்சுச் சொல்லுறன்."

அன்று முழுதும் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். நான் மறுபடியும் படகுத்துறைக்குப் போய் ஸ்பீக்கரைப் போட்டேன். "நான் நேற்றுச் சொன்னது பிழை. எங்கடை ஆள்தான் எறிஞ்சவன். சங்கத்திலை கூப்பிட்டுக் கண்டிச்சிருக்கிறம். அவன் கொஞ்ச நாளைக்குக் கடலுக்கு வரமாட்டான்."

எங்கள் பக்கத்தில் நம் ஆள்தான் தப்பு செய்தான் என்று இப்படி ஊரறிய ஒத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. அடுத்த வாரம் இன்னும் சில படகுகள் சேர்ந்தன. சீசன் முடிவில் தகட்டுப் பேச்சைச் சங்கம் ஒத்திப்போட்டது. கைவிட்டது என்று சொல்ல முடியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கட்டுக்குள் வராத படகுகள் இருக்கின்றன. கைதுகளும் நிற்கவில்லை. ஆனால் எங்கள் கூட்டத்துப் படகுகளில் இப்போது கல் ஏறுவதில்லை; அந்தப் பக்கமும் பாட்டில் இல்லாமல் வருகிறார்கள்.

அக்கரைக்காரருக்கும் எனக்கும் இன்னும் தகராறுதான். கடலடியை அரிக்கும் மடியையே நாங்கள் விட வேண்டும் என்கிறார். திடீரென்று விட்டால் எங்கள் ஆட்கள் எங்கே போவார்கள் என்கிறேன். போன வாரம் நெடுநேரம் பேசினோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். தூண்டிலுக்கும் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும், முதலில் என் படகு மாறும் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப் போகிறேன். கத்துவார்கள். நாற்காலிகளும் உருளலாம். பேசி முடிக்காமல் நான் உட்காரப் போவதில்லை.